பண்ருட்டிப் பலா பாரிஸ் போன கதை

பலாப்பழத்துக்கு ‘பைட்டோ’ வாங்க எத்தனை நாள் ஆகும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தாவர நலச் சான்றிதழை ஏற்றுமதித் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் ஊர் அலுவலகம் அல்ல, பழம் போய் இறங்குகிற நாடு. விசாரணையை அந்த முனையிலிருந்து தொடங்கினால்தான் வேலை நகரும்.

எனக்கு ஆர்டர் வந்தது பாரிஸிலிருந்து. புதுச்சேரியிலிருந்து போய் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன் பண்ருட்டிப் பழம் கேட்டார். "பழம்தானே சார், அதுக்கெல்லாம் பைட்டோ கேட்க மாட்டாங்க" என்று ஒரு ஏஜென்ட் அடித்துச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை எடுத்துப் பார்த்தேன். 2019 டிசம்பர் 14 முதல் அன்னாசி, தேங்காய், டூரியன், வாழை, பேரீச்சை ஆகிய ஐந்துக்குத்தான் விலக்கு. முள்ளும் மணமுமாகப் பலாவுக்குப் பங்காளி மாதிரி இருக்கிற டூரியனுக்கு உண்டு, பலாவுக்கு இல்லை!

ஏற்றுமதி–இறக்குமதி எண்ணும், வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபீடாவின் பதிவும் இணையத்திலேயே முடிந்துவிட்டன. அண்ணனுக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது. சரக்கு இறங்குவதற்கு முன்பே ‘ட்ரேசஸ்’ என்ற ஐரோப்பிய இணையதளத்தில் அவர் தகவல் கொடுத்தாக வேண்டும்.

ஐரோப்பாவுக்குப் பழம் போகவேண்டுமானால் அபீடா அங்கீகரித்த பேக் ஹவுஸ், அதாவது பழத்தைச் சுத்தம் செய்து பெட்டி கட்டும் கூடம், வழியாகத்தான் போகவேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இந்தியச் சரக்கில் பழ ஈ முதலான பூச்சிகள் திரும்பத் திரும்பப் பிடிபட்டதால், 2014 மே மாதம் மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரி போன்ற சில காய்களையும் ஐரோப்பா தடை செய்தது. மாம்பழத் தடை மறு வருடமே நீங்கினாலும் கண்காணிப்பு நீங்கவில்லை.

உண்மையான வேலை பண்ருட்டி மண்டியில்தான். பலாவை மரத்தடியில் உருட்டி, மண்டியிலும் தரையில் குவிப்பது நம் வழக்கம். முள்ளுக்கு இடையில் மண் அப்பிக்கொள்ளும், காம்போரம் மாவுப்பூச்சி பஞ்சுபோல ஒட்டியிருக்கும். ஐரோப்பாவுக்கு ரெண்டுமே ஆகாது. மண்டிக்காரர் சிரித்தார். "பலான்னா பூச்சி இருக்கத்தான் செய்யும் தம்பி. சுளையில இல்லல்ல?"

"அவன் தோலைத்தான்ணே மொதல்ல பார்ப்பான்" என்றேன்.

தரையில் படாமல் கயிறு கட்டி இறக்கித் தரும் தோப்புக்காரர் ஒருவரை அவரே பிடித்துக் கொடுத்தார். பேக் ஹவுஸில் கழுவி, பிரஷ் போட்டு, கம்ப்ரஸர் காற்றை முள்முள்ளாக அடித்து, ஈரம் போக உலர்த்தினோம். பெட்டிக்குள் வைக்கோல் வைக்கலாம் என்று மண்டியில் யோசனை சொன்னார்கள். வைக்கோலும் தாவரம்தான், அதற்குள்ளும் பூச்சி ஒளிந்திருக்கும். நுரை வலை போட்ட அட்டைப்பெட்டியே போதும். மரப் பலகையில் அடுக்குவதானால் அது 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைப்பது போன்ற அங்கீகரித்த முறையில் பக்குவப்படுத்தி, அதற்கு அடையாளமான கோதுமைக்கதிர் முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும்.

பைட்டோவுக்கு விண்ணப்பம் ஆன்லைனில். அதைக் கொடுப்பது, எங்கள் பக்கத்துக்கு, சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கும் மத்திய அரசின் பிளான்ட் குவாரண்டைன் அலுவலகம். சோதனைக்கு வந்த அதிகாரி, நாங்கள் எடுத்து வைத்ததை விட்டுவிட்டு நடுவிலிருந்து பெட்டிகளை உருவச் சொன்னார். வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் பழத்தைத் தட்டினார். ஏதாவது உதிர்கிறதா, உதிர்ந்தது நகர்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பழத்தின் காம்படியில் வெள்ளையாகத் தெரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிரஷ்ஷால் கிளறினார், அசையவில்லை. காய்ந்த பலாப்பால்! அப்புறம் துளை இருக்கிறதா என்று ஒரு பழத்தை வெட்டியும் பார்த்தார். சுளையை யாரும் வாயில் போடவில்லை என்பதுதான் அன்றைய ஒரே வருத்தம்.

சான்றிதழில் ஆர்டோகார்பஸ் ஹெட்டெரோஃபில்லஸ் என்ற தாவரவியல் பெயர், விளைந்த இடம், எடை, பெட்டி எண்ணிக்கை, வாங்குபவர் முகவரி எல்லாம் இன்வாய்ஸோடும் பேக்கிங் லிஸ்ட்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பேனாவால் அடித்துத் திருத்தினால் செல்லாது. ஐரோப்பாவுக்கு என்றால், சான்றிதழ் கொடுத்த 14 நாளுக்குள் சரக்கு நாட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். விமானத்தில் போகும் பலாவுக்கு அது பிரச்சினையே இல்லை, அதற்குள் பழுத்துவிடும்.

பைட்டோ கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தடுக்கப்பட்ட பூச்சி, நோய் இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். பூச்சிமருந்து எச்சம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, அதற்கு லேப் ரிப்போர்ட் தனி. கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தார் என்று தோப்புக்காரரிடம் விலை பேசும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.