பெருமைக்கு எத்தனை யூனிட்?

மார்ச் 2

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரான டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பின்னாலேயே ஹோண்டாவும் சிவிக்கில் ஹைப்ரிட் போட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண சிவிக்கேதான். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸோ தெருமுனையில் திரும்பும்போதே இன்ன வண்டி என்று தெரிந்துவிடும். விற்பனையில் பிரியஸ் எங்கேயோ போய்விட்டது. மைலேஜும் இடவசதியும் காரணம்தான். ஆனால் அந்த உருவத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே பசுமை வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புகை குறைய எவ்வளவு, நாலு பேர் பார்க்க எவ்வளவு?

மார்ச் 5

இன்று கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் 100 கி.மீ.க்கு 15.3 கிலோ விடும். பேட்டரி செய்வதில், அது சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (கிலோவாட் மணி) 60 முதல் 100 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரை சொல்கிறார்கள். 75 என்று வைப்போம். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு அரைக் கிலோ என்று வைப்போம்.

40 யூனிட் பேட்டரி உள்ள சின்ன மின்சார கார் ஓடத் தொடங்குமுன்பே 3 டன் கார்பன் கடன். சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 100 கி.மீ.க்கு 17 யூனிட் இழுக்கும், அதாவது 8.5 கிலோ. பெட்ரோல் காரைவிட 6.8 கிலோ மிச்சம். சுமார் 44,000 கி.மீ.யில் கடன் அடைந்துவிடும்.

100 யூனிட் பேட்டரியுடன் பெரிய எஸ்யூவி என்றால் கடன் 7.5 டன். 100 கி.மீ.க்கு 25 யூனிட், 12.5 கிலோ. மிச்சம் 2.8 கிலோதான். கடன் அடைய 2,68,000 கி.மீ. ஓட வேண்டும்! வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது 26 வருடத்துக்கு மேல்.

இதற்காக விட்டுக்கொடுத்த பழைய பெட்ரோல் வண்டியும் லிட்டருக்கு 10 கி.மீ. தரும் பெரிய வண்டி என்றால் 71,000 கி.மீ.யிலேயே சரியாகிவிடும். சின்ன காரை விட்டுவிட்டுப் பெரிய மின்சார வண்டிக்குப் போவதுதான் கணக்கைக் கெடுக்கிறது. ஹம்மர் மின்சார வண்டியின் பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. பல சின்ன கார்கள் முழுசாகவே அந்த எடைக்குள்தான் இருக்கும்.

மார்ச் 6

சக்கரத்தின் ரிம்மிலும் இதே பெருமைதான். ஒரே மாடலில் 17 அங்குலமும் 19 அங்குலமும் கொடுத்தால் பெரியதைத்தான் கை காட்டுகிறார்கள். கம்பெனியின் விவரத்தாளிலேயே இரண்டுக்கும் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) தனித்தனியாகப் போட்டிருக்கும், பெரிய ரிம்முக்குப் பெரும்பாலும் குறைவு. டயர் விலையும் கூடும், பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளைவதும் அதில்தான் அதிகம்.

மார்ச் 11

வீட்டு சார்ஜர். 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில் தொடர்ந்து. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பு வயர், தூரம் அதிகமென்றால் 10. தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் கசிவு பாதுகாப்பு, ஒழுங்கான எர்த். எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜே ஏற்காது. குறை காரில் என்று நினைத்து அலைய வேண்டாம்.

சாதாரண சுவர் பிளக்கில் போடுகிறவர்கள் முதல் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும். உள்ளே திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், சூடேறும், சூட்டில் இன்னும் தளரும். கடைசியில் பிளக்கின் ஒரு முள் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி நிற்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு 3.3 கிலோவாட்டே தாராளம். தினம் 40 கி.மீ. ஓடினால் 7 யூனிட்தான் வேண்டும். இரண்டு மணி நேரம் சொச்சம்.

மார்ச் 17

பழைய மின்சார கார் வாங்குவது பசுமை வழிகளில் மலிவானது. டாஷ்போர்டில் காட்டும் ரேஞ்சை நம்பக்கூடாது. அது கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடர் என்ற சின்னக் கருவியைச் செருகி பேட்டரி ஆரோக்கிய சதவீதத்தைப் பார்க்கவும். வாரண்டி பெரும்பாலும் 8 வருடம், அதற்குள் ஆரோக்கியம் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செல்லும். எத்தனை வருடம் மீதி, அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கவும்.

பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் வண்டி கிளம்பாவிட்டால் முதலில் 12 வோல்ட் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அது இறந்தால் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் (மின்சுவிட்சுகள்) மூடாது. பிரேக் டிஸ்க்கில் துரு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் அதிகம் உரசுவதில்லை, பேட்டைப் பிடித்திருக்கும் காலிபரின் நகரும் கம்பி (பின்) இறுகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் வைத்தால் போதும்.

மார்ச் 18

மின்சார கார்களில் எல்எஃப்பி, என்எம்சி என்று இரண்டு வகை லித்தியம் பேட்டரி உண்டு. எல்எஃப்பி பேட்டரி என்றால் வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றலாம். அதன் வோல்டேஜ் பெரும்பகுதி ஒரே மட்டத்தில் நிற்பதால், முழுசாக ஏறினால்தான் மீதி எவ்வளவு என்று கார் சரியாகக் கணிக்கும். என்எம்சி என்றால் தினசரி 80 போதும். எது என்பது கையேட்டில் இருக்கும். வாங்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.