ஜல்லி சைக்கிளும் ஜவ்வாது மலையும்

மூலக்கடை மேம்பாலத்தில் பதினேழாவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னாபா, வழி தெரியலையா? காலைலேர்ந்து மேலயும் கீழயும் சுத்தினு இருக்க?”

“மலைக்குப் போறோம் சார். அதுக்குப் பயிற்சி.”

என்னையும் சைக்கிளையும் ஒரு தரம் பார்த்தார். “மலை அந்தாண்டபா” என்று மேற்கே கையை நீட்டிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

வடசென்னைக்காரனுக்கு மேம்பாலத்தை விட்டால் வேறு மலை கிடையாது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது எந்தப் பக்கமும் உருளாது. மழைத் தண்ணீர்கூட எங்கே போவதென்று தெரியாமல் இரண்டு நாள் தெருவிலேயே உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த எட்டுப் பேர், தை மாதக் கடைசியில் மூன்று நாள், தார் போடாத மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போனோம். தலைக்கு 9,500 ரூபாய். வழிகாட்டி, சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் அதில் அடக்கம்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடையில் இதை கிராவல் பைக் என்பார்கள். எங்கள் தெருப் பையன்கள் ஜல்லி சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள், எனக்கும் அதுவே பிடித்துவிட்டது. பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரி கொம்பு வளைந்திருக்கும். டயர் மட்டும் 40 மி.மீ. அகலம், ஓரமெல்லாம் முண்டும் முடிச்சும். உள்ளே ட்யூப் கிடையாது. பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கும். முள் குத்தினால் அது கசிந்து, உறைந்து, ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பதினொன்று. அதில் பெரியது டிபன் தட்டு அளவுக்கு இருக்கும், ஏற்றத்துக்கு அதுதான் தெய்வம்.

எங்களால் ஜீரணிக்க முடியாத விஷயம் காற்று. தார் ரோட்டு சைக்கிளுக்குக் கல் மாதிரி காற்றடித்துப் பழகியவர்கள் நாங்கள். இதற்கு 35 பி.எஸ்.ஐ. போதும் என்று வழிகாட்டி போனிலேயே சொல்லிவிட்டார். டயர் கொஞ்சம் நசுங்கி, கல்லை அணைத்துக்கொண்டு போனால்தான் பிடிமானம் கிடைக்குமாம். சின்ன வயதிலிருந்து டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து “இன்னும் ரெண்டு அடி அடிண்ணா” என்று கேட்டே வளர்ந்த கை இது. லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

பயிற்சிக்கு எங்கள் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்றம்தான் இல்லையே தவிர மற்றதெல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் வழியாக, முடிந்தால் பழவேற்காடு வரை போய் வருவோம். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம், ரோட்டில் கொட்டிய மணல் ஒரு பக்கம், நடுவில் எண்ணெய்ச் சறுக்கல். வழியில் உப்பளத்து வரப்பில் இறங்கினால் சக்கரம் பாதி புதையும். ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு வேகம் இருக்கலாம். எங்களுக்குக் குழியின் ஆழம், இருட்டிலும், பார்த்த மாத்திரத்தில் தெரியும். மலையில் அது எவ்வளவு உதவியது என்று அப்புறம் சொல்கிறேன்.

ஜவ்வாது மலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னது: “அப்டியே ரெண்டு டப்பி ஜவ்வாது வாங்கினு வாடா.” ஜவ்வாது பொடிக்கும் மலைக்கும் சம்பந்தமில்லை, அது புனுகுப்பூனை சமாச்சாரம் என்று விளக்கிப் பார்த்தேன். “மலையில இல்லாமயா அந்தப் பேரு வெச்சாங்க?” என்றுவிட்டார். மலைக்கு மணம் உண்டு என்பதென்னவோ உண்மைதான், ஆனால் அது சந்தனம். இந்த மலைச் சந்தனமரத்துக்கு அத்தனை பேர் உண்டு, திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கே இருக்கிறது.

எட்டு சைக்கிளையும் பழைய போர்வையில் சுற்றிக் குட்டி யானை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் சாயங்காலம் சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தோம். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் (வயது 61), ராயபுரத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையான அக்கா, காசிமேட்டில் வலை பின்னும் குடும்பத்துப் பையன், அப்புறம் என்னையும் சேர்த்து ஆபீசில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்த ஐந்து பேர். இரவு ஜோலார்பேட்டையில் இறங்கி, திருப்பத்தூரில் தூங்கி, காலையில் வழிகாட்டியைச் சந்தித்தோம்.

அவருக்கு முப்பது வயது இருக்கும். மலையிலேயே பிறந்தவர். “நான் மலையாளி” என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் காசிமேட்டுப் பையன் “சேட்டா” என்று கைகொடுத்துவிட்டான். அவர் சிரித்தார், இந்தக் குழப்பம் அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழிவழியாக வரும் கதை. பேசுவது தமிழ்.

விதிகளைச் சொன்னார். வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. காதில் பாட்டு கூடாது. முன்னால் போகிறவர் “கல்லு”, “பள்ளம்”, “மாடு” என்று குரல் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று: உள்ளே இருக்கும் குக்கிராமங்களின் பெயரை ஊரில் போய் எழுதக் கூடாது, பீர் பாட்டிலோடு கார்கள் வந்துவிடும். ஆகவே பெரிய ஊர்ப் பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் நாள் புதூர்நாட்டுக்கு ஏறும் மலைச்சாலை. தார் ரோடுதான், ஏற்றத்தைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. மூலக்கடை மேம்பாலம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், இது முடியவேயில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இதுதான் கடைசி என்று நினைப்பேன். உடற்கல்வி அக்கா எல்லோருக்கும் முன்னால் போய், மேலே ஒரு கல்லில் உட்கார்ந்து, கடலை மிட்டாய் தின்றுகொண்டு எங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

தார் முடிந்த இடத்தில்தான் பயணம் தொடங்கியது. கொஞ்ச தூரம் கப்பி, அப்புறம் செம்மண், அப்புறம் மழை அரித்துப் போட்ட உருண்டைக் கற்கள். வழிகாட்டி எங்களை நிறுத்திப் பாடம் எடுத்தார். இறக்கத்தில் பின்னால் சாய்ந்துகொள். முழங்கையை விறைக்காதே. முன் பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடு, வளைவுக்குள் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கல்லைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். “கல்லையே பார்த்தா கல்லு மேலதான் போய் உழுவீங்க.” எண்ணூர் நெடுஞ்சாலையில் குழியைப் பார்க்காமல் குழிகளுக்கு நடுவில் இருக்கும் முழம் அகல ரோட்டைப் பார்த்தே ஓட்டிப் பழகியதால் இது எங்களுக்கு உடனே பிடிபட்டது. அவரே ஆச்சரியப்பட்டார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்குப் பையன் சொன்னான்: “கார்ப்பரேஷன் சொல்லிக் குடுத்துச்சுண்ணா.”

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு என் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. கூரான ஒரு கல், இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே இருந்த பால் முழுக்க என் காலில் பீய்ச்சி அடித்தது. சின்ன ஓட்டையை அடைக்கும் ரப்பர்த் திரியெல்லாம் இதற்குப் பத்தாது. மாற்று டயர் வைத்திருந்த ஜீப் வேறு பாதையில், 12 கி.மீ. தள்ளி. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

பையன் தன் பையிலிருந்து கோணி ஊசியும் நைலான் வலை நூலும் எடுத்தான். வீட்டில் கையில் கிடைத்ததைப் போட்டு வந்தானாம். மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டயரை மடியில் வைத்து, வலையில் கண் பிடிப்பது போல் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சாகத் தைத்தான். உள்பக்கம் பிஸ்கட் பாக்கெட் காகிதத்தை நாலாக மடித்து வைத்து, மாற்று ட்யூப் ஒன்றைப் போட்டுக் காற்றடித்தோம். “சுறா கடிச்ச வலையே நிக்குது, இது நிக்காதா?” என்றான். நின்றது. வழிகாட்டி அந்தத் தையலைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டார். அந்த டயரை இன்னும் நான் தூக்கிப் போடவில்லை.

மத்தியானம் ஒரு சின்ன ஊரில் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சாமை இந்த மலையின் முக்கியப் பயிர். அரிசி மாதிரி உதிராகவும் இல்லாமல் களி மாதிரி கெட்டியாகவும் இல்லாமல் நடுவாந்திரமாக இருந்தது. நான் மூன்று தரம் வாங்கினேன். பரிமாறிய பாட்டி வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வழிகாட்டியிடம் கேட்டார்: “ஏம்பா, கீழே நல்ல ரோடு இருக்குதே. இவங்க ஏன் இந்தப் பக்கம் வந்து கஷ்டப்படுறாங்க?”

அவர் எங்களைப் பார்த்தார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

கை கழுவும்போது வழிகாட்டியே பேச்சை எடுத்தார். அவருடைய அண்ணிக்குப் பிரசவ வலி வந்த ராத்திரி, இதே பாதையில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை நடந்தார்களாம். ஆம்புலன்ஸ் அங்கே வரைக்கும்தான் வரும். குழந்தை பிழைத்துவிட்டது, இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறது. “நீங்க ரோடு இல்லாத இடமாத் தேடி வர்றீங்கண்ணா. நாங்க ரோடு வேணும்னு மனு எழுதுறோம். நானே நாலு மனு எழுதியிருக்கேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரோடு வந்துட்டா நீங்க வர மாட்டீங்க. எனக்கு ரோடும் வேணும், நீங்களும் வேணும். என்ன பண்றது சொல்லுங்க?” என்று சிரித்தார்.

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. குழாய் பதிக்கத் தோண்டி ஒன்றரை வருஷம் ஆகிறது, ஜல்லி கொட்டியதோடு நிற்கிறது. நானும் இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். 9,500 ரூபாய் கொடுத்து நான் தேடி வந்த ரோடு என் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். “அப்ப உங்க தெருவுக்கு நான் வர்றேன், நீங்க வழிகாட்டுங்க” என்றார்.

சாயங்காலம் ஓர் ஓடையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கடந்தோம். பொதுப்பணித் துறை அண்ணன் மட்டும் நடு ஓடையில் நின்றுவிட்டார். ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று வழிகாட்டியிடம் கேட்டார். வடக்கே, அகரம் ஆற்றுக்கு. அவ்வளவுதான், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்: அகரம் ஆறு பாலாற்றில் சேரும், வாலாஜா அணைக்கட்டில் பாலாற்றுத் தண்ணீர் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திரும்பும், ஏரி நிறைந்தால் கொசஸ்தலை, கொசஸ்தலை முடியும் இடம் எண்ணூர் முகத்துவாரம். நல்ல மழை வருஷத்தில் இந்தத் தண்ணீரில் ஒரு கை நம் ஊருக்கு வந்தாலும் வரும் என்றார். “வந்து அங்க இன்னா கதியாவுது பாரு” என்று பையன் முணுமுணுத்தான். முகத்துவாரத்தில் மீன் பிடிக்கிற சித்தப்பா அவனுக்கு உண்டு. அதற்கு மேல் அண்ணனும் பேசவில்லை.

அன்று இரவு ஒரு களத்துமேட்டில் படுத்தோம். சரியான குளிர். எங்கள் ஊரில் ராத்திரி வானம் ஆரஞ்சு நிறம், மணலிப் பக்கம் சிம்னித் தீ எரிந்தால் இன்னும் கொஞ்சம் சிவப்பு. இங்கே வானம் கருப்பாக இருந்தது. இவ்வளவு நட்சத்திரத்தையும் இத்தனை நாள் யார் எடுத்து ஒளித்து வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும் கருப்பு. அந்தக் கருப்புக்காகத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகம் அமைக்க இந்த மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாம் நாள் ஜமுனாமரத்தூரிலிருந்து அந்தக் காவலூர் வழியாகத்தான் இறங்கினோம். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வெள்ளைக் கும்மட்டம் மரங்களுக்கு மேல் தெரிந்தது. இந்தியாவிலேயே செய்த அந்தத் தொலைநோக்கிக்கு 1986இல் பாப்புவின் பெயரை வைத்தார்கள். 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். ராமானுஜன் ஒரு காலத்தில் எங்கள் துறைமுகத்தில் குமாஸ்தா என்று பெருமையாகச் சொன்னேன். வழிகாட்டி, “அவரும் சைக்கிள்ல வந்திருப்பாரோ?” என்றார்.

ஆலங்காயம் வரை இறக்கம். தார் ரோடு. கைக்குக் கீழே அதிர்வு திடீரென்று நின்றதும் ஏதோ காது அடைத்த மாதிரி இருந்தது. வாணியம்பாடியில் பிரியாணி தின்றோம், எப்படி ரயிலேறினோம் என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை.

மறுநாள் வாசலில் அடிபம்பில் தண்ணீர் அடித்து சைக்கிளைக் கழுவினேன். சிவப்பாக ஓடிய தண்ணீர் எங்கள் ஜல்லிக்குள் இறங்கியது. அம்மா கையில் மலைத்தேன் பாட்டிலையும் இரண்டு கிலோ சாமையையும் கொடுத்தேன். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

“இது தேனு. ஜவ்வாது எங்கடா?”