எழுந்தால் அழிந்துவிடும்

போன மாதம் ஒரு பிரின்ட் எடுக்க நண்பனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வருகிறவர்கள் தாங்களே உட்கார்ந்து மெயிலைத் திறந்து பிரின்ட் கொடுத்துக்கொள்ள ஓரமாக ஒரு கம்ப்யூட்டர் போட்டிருக்கிறான். அதன் டெஸ்க்டாப்பில் பின்னாலிருக்கும் படமே தெரியவில்லை, அவ்வளவு ஃபைல்கள். யார் யாருடைய ஆதாரோ, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஒரு பெண்ணின் ஜாதகம்கூட இருந்தது. பிரவுசரைத் திறந்தால் வாட்ஸப் வெப்பில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் குரூப் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்னடா மாப்ள இது?" என்றேன். "இதையெல்லாம் யார்ரா உட்கார்ந்து பார்க்கப் போறா?" என்றான். இ-ஆதார் ஃபைலுக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று வேறு சொன்னான். இருக்கிறது. பெயரின் முதல் நான்கு எழுத்து, கூடவே பிறந்த வருடம். இரண்டும் பக்கத்திலேயே கிடக்கும் மார்க் ஷீட்டில் அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டியதும்தான் கொஞ்சம் யோசித்தான். "சரி, நீதான் முன்னாடி பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தியே, ஏதாவது லாக் போட்டுக் குடு."

ஆமாம், வைத்திருந்தேன். 2004 முதல் 2010 வரை, ஆறு மெஷின், ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். இரண்டில் விண்டோஸ் 98, மற்றதில் எக்ஸ்பி. லாக் போடுவது என்றால் என்னவென்று அந்த ஆறு வருடத்தில் பையன்கள் எனக்குப் பாடம் நடத்தினார்கள். விண்டோஸ் 98-இல் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வந்தால் எஸ்கேப் பட்டனைத் தட்டினால் போதும், உள்ளே விட்டுவிடும். எக்ஸ்பியில், இஷ்டத்துக்கு எதையும் மாற்ற விடாத லிமிடெட் அக்கவுன்ட் போட்டு நிம்மதியாக இருந்தேன், எஃப்8 தட்டி, பழுது பார்ப்பதற்கென்று இருக்கும் சேஃப் மோடில் போனால் பாஸ்வேர்டே இல்லாத அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட் ஒன்று காத்திருக்கிறது என்பதை ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கண்டுபிடிக்கும் வரை. சி டிரைவை மறைத்தேன். மை கம்ப்யூட்டரில் காணாமல் போனது உண்மைதான், ஆனால் அட்ரஸ் பாரில் சி, முக்காற்புள்ளி, சாய்கோடு என்று அடித்தால் அப்படியே திறந்தது, ஏனென்றால் மறைப்பதற்கு ஒரு செட்டிங், நுழையவிடாமல் தடுப்பதற்கு வேறொரு செட்டிங். நான் முதலாவதை மட்டும் போட்டிருந்தேன்.

அப்புறம் வெறி பிடித்த மாதிரி எல்லாவற்றையும் அடைத்தேன். கன்ட்ரோல் பேனல் கிடையாது, ரைட் கிளிக் கிடையாது, எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. அதனால் அடிபட்டவர்கள் அந்தப் பையன்கள் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைலைக் கொண்டுவந்தவருக்கு எங்கள் மெஷினில் அது ஏதோ குறியீட்டுக் குப்பையாகத் தெரிந்தது, எழுத்துருவைப் போட லிமிடெட் அக்கவுன்ட்டில் வழியில்லை. அழகி என்ற தமிழ் டைப்பிங் மென்பொருள் இல்லாமல் தமிழில் அடிக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் "அண்ணே" என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போய் அட்மின் பாஸ்வேர்ட் அடிப்பேன். கண் முன்னால் பத்து தடவை அடித்தால் பாஸ்வேர்ட் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்தது.

இதிலிருந்து என்னைக் காப்பாற்றியது ஸ்டெடிஸ்டேட் என்று மைக்ரோசாஃப்ட் 2007-இல் இலவசமாகக் கொடுத்த ஒரு மென்பொருள். இப்போது யாருக்கும் நினைவிருக்காது. அதில் எத்தனையோ தடைகள் போடலாம், ஆனால் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: டிஸ்க்கில் யார் என்ன மாற்றினாலும் அதைத் தனியாக ஒரு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்ததும் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடும். காலையில் இருந்த மெஷின் அப்படியே திரும்ப வரும். பென் டிரைவோடு வரும் ஆட்டோரன் வைரஸ்கள் பேயாட்டம் ஆடிய காலம் அது, ஃபோல்டர் மாதிரியே படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், டபுள் கிளிக் செய்தால் தொலைந்தோம். இது வந்த பிறகு, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கப்பா என்று விட்டுவிட்டேன். எழுத்துரு வேண்டுமா, போட்டுக்கொள். சுவர்ப்படத்தை மாற்ற வேண்டுமா, மாற்று. (ஒரு சின்ன சங்கடம், அசல் விண்டோஸா என்று சோதித்த பிறகுதான் அதை டவுன்லோட் செய்ய விடுவார்கள். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர்களைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியும். நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், நாலு மெஷினுக்கு.)

விண்டோஸ் 7-க்கு அது வரவில்லை. 2010 கடைசியோடு டவுன்லோடையும் நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் நானும் கடையை மூடினேன், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அதனால் இந்த முறை நண்பனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், பூட்டெல்லாம் போட மாட்டேன், துடைக்கத்தான் ஏற்பாடு செய்வேன் என்று. அவன் மெஷினில் இருந்தது விண்டோஸ் ஹோம். ஒரே ஒரு ஆப்பை மட்டும் காட்டும் கியாஸ்க் வசதிக்கு ப்ரோ பதிப்பாவது வேண்டும், ஸ்டெடிஸ்டேட் மாதிரி டிஸ்க்கைக் காப்பாற்றும் வசதி வேண்டுமென்றால் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குப் போக வேண்டும். காசு கொடுத்து, அதே வேலையைச் செய்யும் டீப் ஃப்ரீஸ் மென்பொருளை வாங்கலாம், அவன் வாங்க மாட்டான். கடைசியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். லாகின் செட்டிங்கில் கெஸ்ட் செஷனை அனுமதித்தால், யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே வரலாம், அவர்களுக்கென்று ஒரு தற்காலிக வீடு உருவாகும், லாக் அவுட் செய்ததும் அந்த வீடு டவுன்லோட், குக்கி, வாட்ஸப் வெப் எல்லாவற்றோடும் இடிக்கப்படும். பாமினி, வானவில் எழுத்துருக்களை எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி நானே போட்டுவிட்டேன். மெஷின் கிளம்பும்போதே ஓடும் பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்ட், யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாதபடி ஒரு மாற்றம். இவ்வளவுதான் பூட்டு.

மக்கள் லாக் அவுட் செய்ய மாட்டார்கள் என்பது தெரிந்ததே, எழுந்து பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பத்து நிமிடம் யாரும் மவுஸைத் தொடாவிட்டால் செஷனை மூடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நண்பன் முனகினான். 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள் வருகிறவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதி ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன, பார்த்த தளங்களின் பதிவையும் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. நான் ஜெராக்ஸ் கடைதானே என்றான். காசுக்குப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தால் நீயும் அதில் வருவாய் என்றேன். துடைக்கிற மெஷினிலேயே அந்தப் பதிவு இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், அதனால் அதை ரவுட்டர் பக்கம் தனியாக எடுத்து வைக்கும்படி செய்தேன். நோட்டு எழுதுவது அவன் பாடு.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டு, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டதே, ஞாபகம் இருக்கிறதா? ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அதில் இருந்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை டவுன்லோட் செய்யாதீர்கள், செய்தால் ஒரு நகல் விடாமல் அழித்துவிடுங்கள் என்றும் அதில் இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் பிரின்ட் கையில் வந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் போய் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா என்று யார் கேட்பது? அதை மெஷின்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் போட்டு முடித்து மூன்றாம் நாள் நண்பன் போன் செய்தான். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒற்றை விரலால், பட்டா மாறுதலுக்கு ஒரு மனு அடித்திருக்கிறார். பாதியில் கரண்ட் போய்விட்டது, நாளைக்கு வந்து முடித்துக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போயிருக்கிறார். போனை அவரிடமே கொடுத்தான். "தம்பி, சேவ் பண்ணிட்டுத்தானே போனேன்?" என்றார். பண்ணித்தான் இருப்பார். எங்கே தேடினாலும் இருக்காது என்பது எனக்குத் தெரியும், இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனையும் செய்தேன்.

கடைக்குப் போய் அவர் சொல்லச் சொல்ல நானே திரும்ப அடித்துக் கொடுத்தேன், இரண்டு பக்கம். மானிட்டரின் தலையில் "எழுந்தால் அழிந்துவிடும், பென் டிரைவில் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதி ஒட்டினோம். பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பிரின்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது அழியாதுல்ல?" என்றார்.