குரல் கம்மியதில் தொடங்கி பயாப்ஸி வரை

தைப்பூசத்துக்குப் பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறிவிட்டு வந்த மறுநாள் குரல் கம்மிப்போனது. "மலையில கத்திட்டு வந்திருக்கீங்க டீச்சர், சரியாயிடும்" என்றார்கள் பள்ளியில். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வாரமாகியும் குரல் திரும்பவில்லை. கிளினிக்கில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை.

அப்புறம் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போய் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்தால் குரல் நாண் இரண்டிலும் வெள்ளைத் திட்டு. புற்றாகவும் இருக்கலாம், பயாப்ஸி, அதாவது சதைத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார். மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள்.

முதல் ரிப்போர்ட்டில், மேல்படலம் தடித்து உள்நோக்கி வளர்ந்திருக்கிறது, புற்று இல்லையென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை, என் வீட்டுக்காரரும் தூங்கவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: ஆஸ்துமாவுக்கு என்ன இன்ஹேலர்? ஸ்டீராய்டு, பல வருடமாக. அடித்துவிட்டு வாய் கொப்பளிப்பீர்களா என்றார். கொப்பளித்ததே இல்லை. கொப்பளிக்காவிட்டால் ஸ்டீராய்டு தொண்டையில் தங்கி அங்கே பூஞ்சை வளரலாமாம். உடனே சதையைச் சோதித்த பெத்தாலஜி டாக்டருக்குப் போன் போட்டார். மெழுகில் பதித்து வைத்திருந்த அதே சதையை மறுபடி சீவி, பூஞ்சையைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம், வெள்ளிச் சாயம் இரண்டும் போட்டார்கள். வழக்கமான சாயத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தப்பிவிடுமாம், பி.ஏ.எஸ்.ஸில் அது மெஜந்தா நிறத்தில் தெரியும், வெள்ளிச் சாயத்தில் கறுப்பாக. என் சதையில் உருண்டை உருண்டையாகவும், தொத்திறைச்சி கோத்த மாதிரி நீண்ட இழைகளாகவும் தெரிந்தது. கேண்டிடா என்ற பூஞ்சை. பூஞ்சை உள்ளே நுழையும்போது மேல்படலம் புற்று போலவே வளர்ந்து ஏமாற்றும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எந்த வகைக் கேண்டிடா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கல்ச்சர் வைத்து, அதாவது பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்க முடியவில்லை. எடுத்த சதை முழுவதையும் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டார்கள், அதில் பூஞ்சை செத்துவிடும். அதனால் பயாப்ஸிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இன்ஹேலர் விஷயத்தை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு துண்டை உப்புநீரில் வைத்துக் கல்ச்சருக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள்.

ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைச் சில வாரம் சாப்பிட்டேன், திட்டு மறைந்தது. ஆனாலும் பூஞ்சைக்கு அடியில் புற்றும் ஒளிந்திருக்கலாம் என்பதால் டாக்டர் என்னை விடவில்லை, அடுத்த மாதம் மறுபடி ஸ்கோப். இப்போது ஸ்பேசர் என்ற குழாயை மாட்டித்தான் இன்ஹேலர் அடிக்கிறேன், கொப்பளிக்காமல் பள்ளிக்குக் கிளம்புவதில்லை.