மணலில் கடைசி இருபது மீட்டர்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். சமதளத்தில் கைத்தடியோடு மெதுவாக நடந்துவிடுவார், மணலில் முடியாது. அதனால் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் நடைபாதை எங்கே முடிகிறது, அங்கிருந்து தண்ணீருக்கு எவ்வளவு தூரம் என்றுதான் என் கண் முதலில் தேடும். வாகன நிறுத்தம், சாய்தளம், சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை எல்லாம் பல இடங்களில் வந்துவிட்டன. ஆனால் மணல் தொடங்கும் இடத்தில் பாதை நின்றுவிடுகிறது. கடைசி இருபது மீட்டரோ ஐம்பது மீட்டரோ, அதைக் கடக்க முடியாதவர்களுக்குக் கடல் தூரத்திலிருந்து பார்க்கிற காட்சி மட்டும்தான்.

காய்ந்த மணலில் காலை ஊன்றினால் மணல்துகள்கள் உருண்டு விலகும், பாதம் புதையும். கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். கைத்தடியும் உள்ளே இறங்கிவிடுவதால் அதை நம்பிச் சாயவும் முடியாது. நுனியில் அகலமான ரப்பர் பொருத்திய பிறகு எங்களுக்குக் கொஞ்சம் தேவலை. ஈர மணல் வேறு மாதிரி. துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் தரை இறுகிவிடும். கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதுதான் ஓதம்; அது இறங்கும்போது அந்த ஈரப்பட்டை அகலமாக வெளிப்படும். அதனால் ஓத அட்டவணை பார்த்துத்தான் கிளம்புகிறேன். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நேரம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று வசதியாக இருந்த நேரம் அடுத்த வாரம் உதவாது.

மணலைக் கையில் அள்ளியும் பார்ப்பேன். மாவு போல மென்மையாக இருந்தால் கரை பெரும்பாலும் சரிவு குறைந்து நீண்டிருக்கும், அலை தூரத்திலேயே உடைந்து தளர்ந்து வரும். குருணை மணலாக இருந்தால் கரை செங்குத்தாக இறங்கும், அலை காலடியிலேயே விழும். அங்கே அம்மாவை இறக்க மாட்டேன். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

தண்ணீர் ஓரத்தில் நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. திரும்பும் அலை குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும், உடம்பு பின்பக்கம் சாயும். முழங்கால் பலமாக இருப்பவர்களுக்கு அது கூச்சம், அம்மாவுக்கு ஆபத்து. அதனால் பக்கவாட்டில் நின்று அவருடைய முழங்கைக்கு அடியில் கை கொடுத்து, ஒவ்வொரு அலை திரும்பியதும் காலை எடுத்துப் புது இடத்தில் வைக்கச் சொல்வேன். "போதுமாம்மா?" என்று கேட்டால், "இன்னொரு அலை வரட்டும், இரு" என்பார். கணுக்கால்வரை நனைந்த புடவைக் கரையைப் பிழியக்கூட விடமாட்டார்.

இதையெல்லாம் நாங்களாகவே சமாளிக்காமல் இருக்க வழிகள் இருக்கின்றன. மணல்மேல் விரிக்கும் கெட்டியான பாய் இருக்கிறது. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் கைத்தடியும் அதில் தடையின்றிப் போகும். காற்று மணலை வாரிப் போடும் என்பதால் அடிக்கடி யாராவது பெருக்க வேண்டும். பெருக்காத பாய் சில நாளிலேயே மணலுக்குள் போய்விடும். பெரிய பலூன் சக்கரம் வைத்த நாற்காலிகளும் உண்டு. எடையை அகலமாகப் பரப்புவதால் அவை புதைவதில்லை. கிரேக்க நாட்டுக் கடற்கரைகள் பலவற்றில் சூரிய மின்சாரத்தில் ஓடும் நாற்காலி, தண்டவாளத்தின்மேல் நகர்ந்து தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது. தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குச் சான்று தருவதற்காக 1985-இல் பிரான்ஸில் தொடங்கிய நீலக்கொடித் திட்டமும், அந்தச் சான்று பெற்ற கடற்கரைகளில் ஒவ்வொரு நகராட்சியிலும் குறைந்தது ஒன்றாவது மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒன்று எனக்குப் போதாது. கடலும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது என்று 533-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூலிலேயே இருக்கிறது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் ஒரு பாயை நீட்டிப் போட ஏன் மனு எழுத வேண்டியிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

நீர்நிலையை ஒட்டிய பூங்காக்களில் மணல் தொல்லை இல்லை. அங்கே கைப்பிடிக் கம்பிதான் பிரச்சினை. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 110 முதல் 130 செ.மீ. கம்பியின் மேல்விளிம்பும் பெரும்பாலும் அந்த உயரத்திலேயே ஓடுகிறது. நின்றால் ஏரி, உட்கார்ந்தால் இரும்பு. கைப்பிடி இல்லாத பெஞ்சுகளும் அப்படித்தான்: அம்மாவால் உட்கார முடியும், ஊன்றி எழ முடியாது.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்துவிடுகிறேன். பாய் விரித்திருக்கிறதா என்று கேட்டால் போதாது, ஓதம் இறங்கியிருக்கும்போது ஈர மணல்வரை எட்டுமா என்றும் கேட்க வேண்டும். பலூன் சக்கர நாற்காலி இருந்தால் அதை வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம், அவர் எத்தனை மணிவரை இருப்பார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.