இடப்பக்கம் சொட்டும் ஆயில்: ஒரு 100 சிசி வண்டியின் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

வண்டி நிற்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை, எஞ்சினுக்கு இடப்பக்கமாக. காற்றில் குளிரும் எஞ்சின், அதனால் கூலன்ட் கிடையாது. டிஸ்க் பிரேக்கும் முன்சக்கரத்தில் மட்டும்தான். ஆனாலும் ஒரு சொட்டைக் குச்சியில் தொட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். வழக்கமான பிரேக் ஆயில் என்றால் கரைந்துவிடும். இது பல நிறம் காட்டிக்கொண்டு மேலே மிதந்தது. சரி, எஞ்சின் ஆயில்தான்.

சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். எங்கே கசிந்தாலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வந்து சொட்டும். கறையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

தெருமுனை மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்தார். "மேக்னட் கவர் பேக்கிங் போயிருக்கும் தம்பி, மேலாக பேஸ்ட் தடவிவிட்டா நின்னுடும்" என்றார். மேக்னட் கவர் என்பது எஞ்சினின் இடப்பக்கம், மின்சாரம் தயாரிக்கும் காந்தச் சக்கரத்தை மூடும் மூடி. பேக்கிங், அதன் இடுக்கில் ஆயில் கசியாமல் அடைக்கும் தாள். அண்ணன் நல்ல மனுஷர், ஆனால் இதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் பேஸ்ட் ஒட்டாது. ஒட்டினாலும் கசியும் இடத்தை மூடி மறைத்துவிடும், அவ்வளவுதான்.

செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் கவரைக் கழற்றினேன். செயின் கிரீஸும் மண்ணும் சேர்ந்து விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. எஞ்சின் ஆறிய பிறகு டீசலும் பழைய டூத்பிரஷும் வைத்து, அலுமினியத்தின் சொந்த நிறம் தெரியும்வரை தேய்த்தேன். துடைத்துக் காயவிட்டாயிற்று. கசிவு தேடுவதில் பாதி வேலை இந்தக் கழுவல்தான்.

ஜூன் 10, செவ்வாய்

மேக்னட் கவர் ஓரம், கியர் ஷாஃப்ட், ஸ்பிராக்கெட் ஷாஃப்ட், நியூட்ரல் சுவிட்ச் எல்லாவற்றைச் சுற்றியும் முகப்பவுடர் தூவினேன். சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் ஓடவிட்டு, சூடேறியதும் அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். செயின் சுற்றும்போது அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகவே கூடாது.

பேக்கிங் ஓரம் முழுக்க வெள்ளையாக இருந்தது. கியர் லிவர் வரும் ஷாஃப்டின் அடியில் மட்டும் பவுடர் நனைந்து, மெல்லிய கோடாகக் கீழே இறங்கியிருந்தது. ஆயில் கீழே வழியும், ஓட்டும்போது காற்றில் பின்னாலும் போகும். அதனால் நனைந்த இடங்களில் மேலே, முன்னால் இருப்பதைத்தான் பிடிக்க வேண்டும். ஸ்பிராக்கெட் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது சீல், போயிருந்தால் ஓட்டும்போது கவரின் உட்பக்கம் வட்டமாகத் தெறித்திருக்கும். அதனால் கவரை மாட்டி ஒரு ரவுண்டு போய்வந்தும் பார்த்தேன். உட்பக்கம் சுத்தம்.

எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயையும் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. அது அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசியவைத்துவிடும்.

ஜூன் 14, சனி

கசிவது கியர் ஷாஃப்ட் சீல்தான். சென்னையில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்கினேன். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் சீலின் முகத்திலேயே அச்சடித்திருக்கும். விலை ஒரு டீ, வடை செலவுதான்.

ஆயில் கொட்டாமலிருக்க வண்டியை வலப்பக்கம் சாய்த்துச் சுவரில் முட்டுக்கொடுத்தேன். பழைய சீலை ஷாஃப்டில் கீறல் விழாமல் நெம்பி எடுத்தேன். ஷாஃப்டைத் தொடும் அதன் உள்விளிம்பு, அதாவது உதடு, பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, சூட்டில் ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. ஷாஃப்டை நகத்தால் வருடினேன். தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. நல்லவேளை, வழவழப்பாக இருந்தது.

கியர் லிவர் மாட்டும் ஷாஃப்ட் நுனியின் பல்லில் டேப் சுற்றி, புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே பார்க்கும்படி நுழைத்தேன். டேப் இல்லாவிட்டால் பல் உதட்டைக் கிழித்துவிடும். அப்புறம் சரியான அளவு ஸ்பேனர் சாக்கெட் வைத்து நேராகத் தட்டி இறக்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

தினமும் ஓட்டியாயிற்று, நேற்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை. இன்று கவரைக் கழற்றிப் பார்த்தேன். சீலைச் சுற்றி ஈரமில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவும் இறங்கவில்லை. செயின் மட்டும் தளர்ந்திருக்கிறது, அதைச் சாயங்காலம் டைட் வைக்க வேண்டும்.