ஏற்காட்டுக்கும் ஃபேர்லேண்ட்ஸுக்கும் ஒரே தொகையா?

சேலத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டுகளை அனுப்பும் ஏஜென்சிகள் பெருகிவிட்டதால், எதில் சேரலாம் என்று படிப்பை முடித்து வரும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் முதலில் விசாரிப்பது கமிஷன் எத்தனை சதவீதம் என்பதையே. நான் விசாரிக்கச் சொல்வது ஏற்காடு விசிட்டுக்கு என்ன தருகிறார்கள் என்பதை.

சேலம் நகருக்குள்ளேயே உள்ள ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் என்றால் காலையிலேயே மூன்று நான்கு வீடுகளை முடித்துவிடலாம். ஏற்காட்டில் ஒரே நோயாளி என்றாலும், அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவதற்குள் அரைநாள் போய்விடும். பெருமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொகை என்று சொல்லும் ஏஜென்சி, பெட்ரோலையும் நேரத்தையும் நம் தலையில் கட்டுகிறது. மேலே போன பிறகு, நோயாளியை உறவினர் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டதாகத் தெரியவந்தால் அந்த விசிட்டுக்குப் பணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முன்பு இருந்த ஓர் ஏஜென்சி இக்கேள்விக்கு, "பார்த்துக்கலாம் சார்" என்றே கடைசிவரை பதில் சொன்னது.

அடுத்தது, சிகிச்சையை முடிவு செய்வது யார் என்பது. பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் முதியவர் ஒருவரின் எஸ்டேட் வீட்டைப் பாருங்கள்: வாசலில் கைப்பிடியில்லாத கருங்கல் படிகள், அதற்கப்பால் காப்பிச் செடிகளுக்கிடையே சரிவு. கூடத்தில் மட்டும் நடக்கவைத்துவிட்டு வந்தால் அவருக்குப் பயனில்லை. ஏறும்போது வலுவுள்ள காலையும் இறங்கும்போது வலுவிழந்த காலையும் முதலில் வைக்க, அந்தப் படியிலேயே, நாம் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு பழக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்து ஆப்பில் புகைப்படம் ஏற்றச் சொல்லும் நிறுவனம் எவ்வளவு கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், நகல் போதும். விலகிய பின் இரண்டு ஆண்டுகள் சேலம் மாவட்டத்தில் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவின்படி அத்தகைய தடை செல்லாது. (வேலையில் இருந்துகொண்டே ஏஜென்சியின் நோயாளியைத் தனியாகப் பேசி இழுப்பது வேறு, அதை நான் ஆதரிக்கவில்லை.) தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்தால், அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் சரிபாருங்கள், பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.